ஒன்பது விரல்கள் சுருங்கின

மழை எங்கள் தீவில் விருந்தாளி இல்லை,
வாடகை கொடுக்காத குடித்தனக்காரன்.
சிலியின் தெற்கே, சிலோயே தீவுக்கூட்டத்தில்,
அச்சாவோ துறையை ஒட்டிய தகரக் கொட்டகையில்
பதினோரு பெண்கள் நின்றபடி
சிப்பியின் வாயைக் கத்தியால் திறக்கிறோம்.
கை வேலை செய்யும். வாய் கேள்வி கேட்கும்.

நாய் கொட்டாவி விட்டால் எனக்கு ஏன் வருகிறது?
வெங்காயம் அரிகிறவள் அழட்டும்,
பக்கத்தில் சும்மா நிற்கிறவள் ஏன் அழுகிறாள்?
பட்டப்பகலில் நிலாவுக்கு என்ன வேலை?
பதில் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை.
அதனால் சண்டையும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நோல்ஃபா பார்ரியாவின் கேள்வி
ஜூன் மாதக் குளிரில் கத்தியோடு பிறந்தது.
மோதிர விரலின் அடியில் ஆழமாய் ஒரு வெட்டு.
காஸ்த்ரோ மருத்துவமனையில்
நரம்பின் இரு முனைகளையும் தேடிப்பிடித்துத் தைத்தார்கள்.
படகேறித் திரும்பி வந்தாள்.
விரல் இருந்தது,
பூட்டிய வீடு தெருவில் இருப்பதுபோல.

ஒருநாள் மதிய இடைவேளை.
வெந்நீர்ப் பேசினில் கை ஊறவைத்திருந்தவள்
"ஏய், இங்கே பாருங்களேன்" என்றாள்.
ஒன்பது விரல்களும் உலர்திராட்சை.
அந்த ஒன்று மட்டும்
இஸ்திரி போட்ட சட்டைக் காலர்.

தண்ணீர் ஊறித்தானே தோல் சுருங்குகிறது?
இத்தனை வருஷமும் அப்படித்தானே நம்பினோம்?
தண்ணீருக்கு ஓரவஞ்சனை தெரியுமா என்ன?
அது கல்யாண மோதிரத்தின் கோபம் என்றாள் எதெல்வினா.
நோல்ஃபாவின் புருஷன் புந்தா அரேனாஸ் போனவன்,
இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான்.
தையல் நூலில் மெழுகு இருக்கும் என்றேன் நான்.
பெரிய அறிவாளி மாதிரி சொன்னேன். தப்பு.

மாதம் ஒருமுறை மருத்துவப் படகு வரும்.
அதில் வரும் செவிலியன் ஹெரால்தோ
அரைத்தூக்கத்தில்தான் ஊசியே போடுவான்.
விரலைப் பார்த்ததும் முழுசாய் விழித்துக்கொண்டான்.
"தண்ணீர் சுருக்கவில்லை, நோல்ஃபா. நீதான் சுருக்குகிறாய்.
நரம்பு சொல்லும், ரத்தக்குழாய் ஒடுங்கும்,
மேலே தோல் மடியும்.
சொல்ல ஆளில்லாத விரல் சும்மா கிடக்கும்."
எதற்காம் அந்த மடிப்பு?
ஈரமானது வழுக்காமல் இருக்க என்கிறார்களாம் சிலர்.
இன்னும் நிச்சயமில்லை என்கிறார்களாம் சிலர்.
அவன் தோளைக் குலுக்கினான்.
எனக்கு அந்தக் குலுக்கல் பிடித்திருந்தது.

"திரும்பி வருமா?"
"நரம்பு வளரும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், ஏறக்குறைய.
வழி தவறாமல் போனால்."

நகத்தைப்போலப் பத்து மடங்கு வேகம்.
காத்திருக்கிறவளுக்கு அதை யார் புரியவைப்பது?
தழும்பிலிருந்து நுனிவரை நூல் பிடித்து அளந்தோம்:
ஏழு சென்டிமீட்டர்.
உப்புப் பூத்த சுவரில் கரித்துண்டால் கோடுகள்.
எழுபது தாண்டியது. எண்பது.
தொண்ணூறில் எதெல்வினா
கரித்துண்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள்.
விரல் அப்படியே, பளபளவென்று.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
பழக்க தோஷத்தில் பேசினில் கை விட்டிருந்தாள்.
யாரையும் கூப்பிடவில்லை.
ஓடு கொட்டப் போன நான் தற்செயலாய்ப் பார்த்தேன்.
நுனியின் ஓரத்தில் ஒரே ஒரு மடிப்பு,
புதுச்சட்டை போட்டு
முதல்முறை உட்கார்ந்து எழுந்த மாதிரி.

"ஏதாவது தெரிகிறதா?"
"எறும்பு ஊர்கிறது," என்றாள்.
கொஞ்சம் கழித்து:
"இல்லை, எறும்பில்லை.
உள்ளே யாரோ பாத்திரம் எடுத்து வைக்கிறார்கள்."

பதினோரு பேரும் பேசினைச் சுற்றி முட்டிக்கொண்டோம்.
ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி தொட்டுப் பார்த்தாள்,
ஒருத்திக்கு மூக்கு ஒழுகியது, குளிர் என்றாள்.
மணி அடித்து, எல்லாரும் மேசைக்குத் திரும்பிய பிறகு
எதெல்வினாதான் கேட்டாள்,
யாரையும் பார்க்காமல்:

"அப்படியென்றால், சிப்பிக்கு நரம்பு உண்டா?"

கத்தியை யாரும்
உடனே எடுக்கவில்லை.