மினுக்கும் ஷூ

ரோலாவில் முப்பத்தைந்து திர்ஹத்துக்கு வாங்கியது.
குதிகாலை ஊன்றினால் சிவப்பாய் மினுக்கும்.
பிறந்தநாள் பிள்ளைக்கு மட்டும் அன்றைக்குக்
கலர் டிரஸ், கலர் ஷூ, பள்ளியில் அனுமதி உண்டு.
ஜெரூஷாவுக்கு ஏழு.

முந்தின இரவே பள்ளியிலிருந்து செய்தி வந்திருந்தது:
நாளை பாதுகாப்புப் பயிற்சி, பெற்றோர் பதற வேண்டாம்.
நான் பதறவில்லை.
முப்பத்தொரு சாக்லேட் எண்ணிப் பையில் போட்டேன்,
மிஸ்ஸுக்கு இரண்டு கூடுதல்.

மூன்றாவது பீரியடில் மணி விட்டு விட்டு அடித்ததாம்.
ஷீபா மிஸ் கதவைப் பூட்டி
விளக்கை அணைத்து
எல்லோரையும் அலமாரிக்குப் பின்னால் உட்கார வைத்தாராம்.
யார் தட்டினாலும் திறக்கக் கூடாது.
யார் கூப்பிட்டாலும் பதில் கூடாது.
அம்மா குரலில் கூப்பிட்டாலும்.

கால் மரத்துப்போய்க் கொஞ்சம் அசைத்திருக்கிறாள்.
சுவரெல்லாம் சிவப்பு.
"உன் ஷூவால எல்லாரும் சாகப் போறோம்"
என்றிருக்கிறான் பக்கத்தில் ஒருவன்,
காதோடு காதாக,
சத்தம் போடக் கூடாதென்ற விதியை மீறாமல்.

மிஸ் துப்பட்டாவை எடுத்து அவள் பாதங்களைச் சுற்றினார்.
பதினோரு நிமிடம்.
பிறகு மணி, பிறகு விளக்கு, பிறகு ஹேப்பி பர்த்டே.
பதினாலு சாக்லேட் திரும்பி வந்திருந்தது.

வீட்டில் அவள் அழவில்லை.
அழுதிருந்தால் எனக்குத் தெரிந்த வேலை அது.
ருவைஸில் கிரேன் ஓட்டும் அப்பாவை
வீடியோ காலில் பிடித்து
"இதுல பேட்டரி எங்கப்பா இருக்கு" என்று கேட்டாள்.
அவருக்கும் தெரியவில்லை.
அலமாரிக்கடியில் தள்ளினாள்,
பெட்டிகளுக்குப் பின்னால், கண்ணுக்கெட்டாத மூலைக்கு.

எங்கள் வீடு ஒரு ஹாலில் பாதி.
நடுவில் ப்ளைவுட்.
அந்தப் பக்கம் கொல்லத்துக் குடும்பம் தாளித்தால்
இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம்.
அந்தப் பலகையை விரலால் தட்டிப் பார்த்தவள் கேட்டாள்:
"நாம மூச்சு விடுறது அவங்களுக்குக் கேக்குமாம்மா?"

கவுன்சலர் ஒரு தாள் கொடுத்தனுப்பினார்.
மூன்று முகங்கள், உன் மனம் எது, டிக் செய்.
சிரிக்கும் முகத்தில் டிக் போட்டிருந்தாள்.
ஏன் என்றேன்.
"வேற போட்டா திரும்பப் பண்ண வைப்பாங்க."

பத்து நாள் கழித்து ஓர் இரவு, இரண்டரை மணி.
அபு ஷகாராவில் பாதித் தெரு எழுந்திருக்கும் அந்த மணிக்கு.
கட்டடத்தின் ஃபயர் அலாரம் அது,
ஒன்பதாவது மாடி,
லிஃப்ட் நின்றுவிட்டது.
பாஸ்போர்ட் பையை எடுத்துத் திரும்பினால்
கட்டிலில் பிள்ளை இல்லை.

ஜெரூ.
ஜெரூஷா.
கொல்லத்து அண்ணன் வாசலில் நின்று "சேச்சி, வா, வா" என்கிறார்.
பாத்ரூமில் இல்லை, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இல்லை.
ஜெரூ, அம்மாடி, அம்மா கூப்பிடுறேன்.
கூப்பிடக் கூப்பிட
அவள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொண்டிருந்தாள்.
எனக்குத்தான் அது தெரியவில்லை.

அலமாரிக்கடியில் ஒரு சிவப்பு.
அணைந்தது.
மறுபடி ஒன்று.

முழங்கை பட்டிருக்கிறது ஷூவில்.
காலைப் பிடித்து இழுத்தேன்.
கடித்தாள் என் கையை,
சத்தமே இல்லாமல்.

கீழே கார் பார்க்கிங்கில் கைலியும் நைட்டியுமாக நூறு பேர்.
யாரோ மூன்றாவது மாடியில் சப்பாத்தியைக் கருக்கியிருக்கிறார்கள்.
வாட்ச்மேன் கையாட்டினார், மாஃபி முஷ்கிலா, போங்க போங்க.
சிலர் சிரித்தார்கள்.
நான் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்திருந்தேன்,
ஒரு கையில் பாஸ்போர்ட், ஒரு கையில் பல் தடம்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:
"கூப்பிட்டது நீதான்னு
எனக்கு எப்படிம்மா தெரியும்?"

பதில் தேடிக்கொண்டே படியேறினோம்.
ஐந்தாவது மாடியில் அவள் மூச்சு வாங்கினாள்.
ஏழாவதில் நான்.