வால்பக்கம்

லயனல் முன்னால், கண்ணாடிக்குள்.
நான் பின்னால், மழைக்குள்.
இடையில் இருபத்தெட்டு மீட்டர் இரும்பு.
வெள்ளைப் பெயின்டில் அதன் பெயர்: ஏழு.

கப்பல் இறக்கிய பன்னிரண்டில் இது ஏழாவது.
இரவு பத்துக்கு மேல், காலை ஐந்துக்கு முன்
நகரலாம் என்கிறது கடிதம்.
மற்ற நேரத்தில் அது பாலமுமில்லை, பாரமுமில்லை,
அவிசாவளை ரோட்டோரம் படுத்திருக்கும்
யாரோ ஒருவரின் தலையிடி.

சமதரையில் எனக்கு வேலையில்லை.
நவ்ஷாத்தின் ஜீப்பில் கால்நீட்டி
மஞ்சள் விளக்கு சுற்றுவதை எண்ணுவேன்.
கித்துல்கல தாண்டியதும் இறங்கிவிட வேண்டும்.
கழுத்தில் மாட்டிய பெட்டியில் ஒரு குச்சி,
கட்டைவிரல் அளவு.
இடம் சாய்த்தால் பின்சக்கரங்கள் இடம்.
வலம் என்றால் வலம்.
தலையைத் திருப்புவது லயனல்,
வாலைத் திருப்புவது நான்.
பதினொரு வருடத்தில் எந்த ஊருக்கும்
நான் முதலில் போய்ச் சேர்ந்ததில்லை.

கினிகத்தேனைக்கு மேலே அந்த முடக்கு.
போன மாதம் அளந்தபோது வெறும் மண்திட்டு.
இப்போது அங்கே ஒரு பஸ் தரிப்பிடம்:
நீலத் தகரம், நாலு கம்பி,
திறந்துவைத்தவரின் பெயர் மூன்று மொழியிலும்.
பஸ் நிற்குமா என்பது வேறு கதை.
நவ்ஷாத் நாடாவைப் பிடித்துப் பார்த்தான்.
பதினாலு அங்குலம் இடிக்கும்.
பொலிஸ்காரர் பெயர்ப்பலகையை வாசித்தார்,
தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்,
போன் அடித்தார்.
மணி இரண்டு இருபது. யார் எடுப்பார்?

எதிர்க்கடைக் கதவு திறந்தது.
தலையில் துவாய், கையில் பெரிய ஸ்பானர்.
மருதாயி என்றாள், யாரும் கேட்காமலே.
"கட்டினவனுகளுக்குச் சோறு குடுத்தது நாந்தான்.
அடியில நாலே நட்டு.
அதுலயும் ரெண்டு கையாலயே கழரும்."

கழன்றது.
ஆறு பேர் தூக்கினோம்.
பொலிஸ்காரர் வேறு திசையைப் பார்த்தபடி
ஒரு கம்பியைப் பிடித்தார்.
பஸ் வராத தரிப்பிடம்
கடைவாசல் வரை பயணம் போய்,
இரும்பின் வால் கடந்ததும் வீடு திரும்பியது.
இந்த முறை நாலு நட்டும் இறுகின.
காசு நீட்டினேன், வாங்கவில்லை.
"எட்டு எப்ப வரும்?" என்றாள்.

டிக்கோயாவில் போன் வந்தது. எஞ்சினியர்.
அம்புக்குறி எந்தப் பக்கம்?
டோர்ச் அடித்துத் தேடினேன்.
இரும்பின் அடிவயிற்றில், என் பக்கம்.
ஆற்றுக்கு முதலில் போகவேண்டியது அந்த முனைதான்.
துறைமுகத்தில் எவனோ அரைத்தூக்கத்தில்
தலைக்கு வாலை வைத்துவிட்டான்.
இருபத்தெட்டு மீட்டரைத் திருப்பிப் போட
இந்த மலையில் ஊர் போதாது.

பேக்டரிச் சந்தியைத் தாண்டிப் போய் நிறுத்தி
தோட்டத்து ரோட்டுக்குள் பின்பக்கமாக விட்டோம்.
ஒன்றரை மைல், றிவர்ஸில்.
மணி ஆறேகால்.
கடிதத்தின்படி நாங்கள் அப்போது ரோட்டிலேயே இல்லை.
லயனல் கண்ணாடியில் என்னை மட்டும் பார்த்து ஓட்டினான்.
நான் முன்னால் நடந்தேன்.

முன்னால் என்றால் இப்படித்தானா?
டீசல் புகை இல்லை.
நனைந்த மானாப்புல்லின் வாசம்,
யாரும் இன்னும் மிதிக்காத சேறு.
பிரட்டுக்குப் போகும் பெண்கள்
படங்கை இடுப்பில் சுற்றியபடியே
கானோரம் ஒதுங்கினார்கள்.
"ஏண்ணே, கொண்டாந்தத
திருப்பிக் கொண்டு போறீங்களா?"
"இல்ல, இப்பத்தான் வருது."
"லொறி மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கே?"
"பாலத்து மூஞ்சி இந்தப் பக்கம்."
அவர்கள் நம்பவில்லை.
ஆறு தடவை ஏமாறாதவர்களும் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஆற்றின் இரு கரையிலும் கொங்கிறீட்.
நடுவில் தண்ணீர் மட்டும்.
அங்கே, முதல் ஆளாக, நான் போய் நின்றேன்.
எஞ்சினியர் அம்புக்குறியைத் தடவிப் பார்த்தார்,
என்னைத் தாண்டி
இருபத்தெட்டு மீட்டர் நடந்துபோய்
லயனலுக்குக் கைகொடுத்தார்.

பெட்டியைக் கழற்றினேன்.
பட்டை அழுந்திய இடத்தில் மழை எரிந்தது.
துறைமுகத்துக்கு ஒரு போன் போடு,
எட்டுக்கு அம்பு எந்தப் பக்கம் என்று கேள் என்றேன்.
லயனல் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்து
ஏற்கெனவே தூங்கியிருந்தான்.