சிந்தல், 22 கிராம்

வெள்ளைக் களி எழுபது பங்கு,
பெண்டோனைட் முப்பது.
இடித்து இறுக்கிய இரண்டு வில்லைகளுக்கு நடுவே
ஒரு வட்டத் தாள்.
நாடா சுற்றி, ஜாடியில் இட்டு, மெழுகு பூசியாயிற்று.
இனி ஏழு நாள் யாரும் தொடக்கூடாது.

எவ்வளவு தாகம் என்று
மண்ணைக் கேட்டுப் பயனில்லை.
தாளுக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தது
என்றுதான் பார்க்க வேண்டும்.
கஞ்ச மண்ணென்றால் தாள் காய்ந்தே வரும்.

டர்பனில் நாளுக்கு மூன்று மின்வெட்டு.
ஏசி நின்றுவிடும், ஜாடிக்கோ வெப்பம் மாறக்கூடாது.
என் தம்பி கோகிலன் ஷேட் மீன் சுமக்கும் ஐஸ்பெட்டியில்
குடிவைத்தேன் எல்லாவற்றையும்.
மூன்று தரம் கழுவியும்
முதல் அறிக்கை மீன் வாடையோடுதான் போனது.

"கிலோபாஸ்கல் போதும்,
தாகம் என்பதை அடித்துவிடுங்கள்" என்றார்
எஞ்சினியர் ஃபான் ஸெய்ல்.
அடித்துவிட்டேன்.

குப்பை மேட்டுக்கு அடியில் படுக்கப்போகிற மண் இது.
மேலே டயாப்பர், செத்த பேட்டரி, கோழிக்குடல்,
என் வீட்டுப் புதன்கிழமைக் கறுப்புப் பை.
எல்லாம் அழுகி வடிகிற சாறு
ஓடையில் இறங்காமல் இது பிடிக்க வேண்டும்.
தாகம் மிஞ்சினால் வெடிக்கும்.
தாகமே இல்லையென்றால் உருளைக்கடியில் வழுக்கும்.
நடுவில் எங்கோ ஓர் ஈரம்.
அதைத் தேடத்தான் எனக்குச் சம்பளம்.

ஐந்தாம் நாள் எடை குறைந்தது.
ஜாடியில் அல்ல,
அலமாரியில் வைத்த வெள்ளைக் களியில்.
செவ்வாய் நானூற்றுப் பன்னிரண்டு.
வியாழன் முந்நூற்றுத் தொண்ணூறு.
எலி களி தின்னாது.

நொம்வுலா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.
ஏழு மாதம்.
கோட்டில் பொத்தான் சேரவில்லை, உதட்டோரம் வெள்ளை.
"வார்விக் சந்தையில் விற்பதைவிட இது நைஸ்"
என்றாள், நாக்கால் துடைத்தபடி.

எங்கள் பேச்சில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு,
வயா.
கிருஷாந்தைச் சுமந்தபோது
கழிவறைச் சுவர்ச் சுண்ணாம்பை
நகத்தால் சுரண்டியிருக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும்.

"பெண்டோனைட்டைத் தொடாதே, வயிற்றில் ஊதும்."
அவ்வளவுதான் சொன்னேன்.
பதிவேட்டில்: சிந்தல், 22 கிராம்.

ஏழாம் நாள் மெழுகை உடைத்தேன்.
தாளை இடுக்கியில் எடுத்து
மூன்று விநாடிக்குள் தராசில் போட வேண்டும்,
தாமதித்தால் கடற்காற்று தன் பங்கைச் சேர்த்துவிடும்.
போட்டேன்.
நான்காம் தசமம் நிற்க மறுத்துத் துள்ளியது.

மேஜையில் சாயாதே, நொம்வுலா.

நான் சாயவில்லை, என்றாள்.