தலையணைக் கணக்கு

ஷார்ஜா நஹ்தாவில்
எங்கள் மூன்று கட்டடச் சங்கங்களும்
இதற்கு முன் ஒன்றாய்க் கூடியது
தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்கு.

இந்த முறை ‘வீடற்றோருக்காக ஓர் இரவு’.
பேனர் வந்தது.
புது ஃபிரிட்ஜ் வாங்கியவர்கள் அட்டை கொடுத்தார்கள்.
பேஸ்மென்ட் பார்க்கிங்கில் படுத்து
அந்த வலியை உணர்வோம் என்றார் தலைவர்.
அவருக்குக் கொசு ஆகாது, மேலிருந்தே உணர்ந்தார்.

நான் பொருளாளர்.
நாற்பத்திரண்டு தலையணை, ஒரு நோட்டு:
பெயர், பிளாட் எண், கையெழுத்து.

வரிசையில் கடைசி ஆளின் முகம் தெரியும்.
கார் துடைப்பவர் என்று நினைத்திருந்தேன்.
சூசை மிக்கேல் என்றார்.
பிளாட்?
“தூணுதான், பி-பதினேழு.
கம்பெனி மூடுனதுலேர்ந்து. எட்டு மாசமாச்சு.”
நோட்டில் கட்டம் சிறியது.
பி-17 மட்டும்தான் கொண்டது.

ஏசித் தண்ணீர் சொட்டாத ஒரே இடம் அந்தத் தூண்.
அங்கே ஸ்பீக்கர் வைத்திருந்தோம்.
ஓரமாய்ப் படுத்தவர்
மூன்றாவது சொற்பொழிவுக்குள் தூங்கிப்போனார்.

நள்ளிரவு தாண்டியதும்
ஒவ்வொருவராய் லிஃப்ட் ஏறினோம்,
முதுகைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்குப் பள்ளி என்று.
சுபுஹு பாங்கின்போது
பேனர் இருந்தது, அவர் இருந்தார்.

காலையில் எண்ணினேன்: நாற்பத்தொன்று.
‘ஒன்று குறைவு, தேட வேண்டாம்.’
அதற்குமேல்
நான் எதுவும் செய்யவில்லை.

அடுத்த கூட்டத்தில்
பக்கத்துக் கட்டடச் செயலாளர்
நோட்டைப் புரட்டிக் கேட்டார்:
“இந்த பி-17 யாரு? பாக்கி ஏதும் இருக்கா?”

இருக்கு என்றேன்.

யார் யாருக்கு என்று
அவர் கேட்கவில்லை.