கோயிலுக்கு இரண்டு ஸ்தலம்

பெரிய வியாழன், மாலை நாலு மணி.
கலம்பா தையல் ஆலை வாசலில்
பதினொரு பேர் ஜீப்னியில் ஏறினோம்.
ஆளுக்கு இருநூற்றைம்பது பெசோ,
டீசல் தனி என்றார் மாங் டெமெட்ரியோ.
ஏரியோரமாய், மலையேறி, ஏழு பழைய கோயில்கள்.
கோயிலுக்கு இரண்டு ஸ்தலமாய்
சிலுவைப்பாதையை முடித்து
விடியுமுன் வீடு.

முதல் கோயிலில் வாசிக்கும் முறை எனக்கு வந்தது.
முதலாம் ஸ்தலம்:
குற்றமற்றவருக்குத் தீர்ப்பு.
இரண்டே வரி.
தொண்டையில் ஊசி ஒடிந்து நின்றது.
"தண்ணீர் குடி" என்று
பெர்ப்பெத்துவா பாட்டிலை நீட்டினாள்.
பிலாத்து கை கழுவினான்.
நான் குடித்தேன்.

சொல்லிவிடுகிறேன், இங்கேயாவது:
ஆலையில் காணாமல் போன லேஸ் சுருள்
என் மகளின் முதல் நன்மை உடுப்பில் இருக்கிறது,
கழுத்தைச் சுற்றி, கை நுனியில், முக்காட்டின் ஓரத்தில்.
அந்த ஷிப்ட் புளோர்டெலிசாவின் பெயரில் இருந்தது.
அவள் பையை மேசையில் கவிழ்த்தார்கள்.
சீப்பு, சோற்று டப்பா, ஒரு கால் உறை.
வேறொன்றும் அகப்படவில்லை,
ஆனாலும் போகச் சொன்னார்கள்.
அவள் என்னைப் பார்த்தாளா, தெரியாது.
நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இறங்கி ஏறி, இறங்கி ஏறி
அது நேராகத்தான் தைத்தது.

இரண்டாம் கோயிலின் காரையில்
முட்டை வெண்கரு கலந்திருக்கிறதாம்.
"மஞ்சள் கரு எங்கே போச்சு?" என்றார் டெமெட்ரியோ.
"பலகாரத்துக்கு" என்றாள் ஹொனோராட்டா.
ஒருசந்தி வயிறுகள்
ஒன்றாக உறுமின.

மூன்றாவதற்குப் போகும் வழியில் டயர் பஞ்சர்.
வாத்து முட்டைக் கூடையோடு வந்தவன்
சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஜாக்கி பிடித்தான்,
நூறு பெசோ கேட்டான், கொடுத்தோம்.
அங்கே போனால் ஐந்தாம் ஸ்தலம்:
சீரேன் ஊர் சீமோன்
சிலுவை சுமக்க உதவுகிறார்.
அவருக்குக் கூலி தந்ததாய் எங்கும் எழுதவில்லை.
யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானும்தான்.
பாவம் மறந்துபோன நேரங்களும் இருந்தன,
அதையும் சொல்ல வேண்டும்.

நான்காவதில் கூட்டம்.
ஐந்தாவதில் மின்சாரம் இல்லை;
ஒன்பதாம் ஸ்தலத்தை, அவர் மூன்றாம் முறை விழுவதை,
கைப்பேசி வெளிச்சத்தில் வாசித்தோம்.

ஆறாவது, செங்கல் கோயில்.
எதிரே செருப்புக் கடைகள் சாத்தியிருந்தன.
படியில் மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் வரிசையாக.
மூன்றாம் தட்டின் பின்னால் அவள்.
முடியை ஒட்ட வெட்டியிருந்தாள்.
"எத்தனை?"
எல்லோரிடமும் கேட்பது போலத்தான் கேட்டாள்.
"ஒன்று."
பன்னிரண்டு பெசோ. ஐம்பதை நீட்டினேன்.
மூன்று பத்து, ஒரு ஐந்து, இரண்டு ஒன்று.
கடைசி ஒற்றைப் பெசோவுக்கு
இடுப்புப் பையைத் துழாவினாள்.
"வேண்டாம், வைத்துக்கொள்."
"இல்லை, உன்னுடையது."
பக்கத்துக்காரியிடம் கடன் வாங்கி
என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.
உள்ளே பதினோராம் ஸ்தலம் தொடங்கிவிட்டது.

"மகள் நன்மை வாங்கிவிட்டாளா?"
"அடுத்த மாதம்."
"உடுப்பு?"
"தைத்தாயிற்று."
தலையசைத்தாள்.
எனக்குப் பின்னால் நின்றவரிடம்
"எத்தனை?" என்றாள்.

ஏழாவதில் அவரை அடக்கம் செய்தோம்.
எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.
என்னுடையது கைச்சூட்டில் வளைந்திருந்தது,
திரியில் தீ வைக்கவில்லை.

பதினொன்றரை மணி.
ஜீப்னியில் தலைகள் தோள்களில் சாய்ந்துவிட்டன.
டெமெட்ரியோ கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
"சுற்றுவழி போனால் ரோடு நல்லாயிருக்கும்.
இல்லே, வந்த வழியேவா?"

விழித்திருந்தது நான் ஒருத்திதான்.
வந்த வழியே, என்றேன்.