ஐந்து துளைகள்

ரீகாவிலிருந்து குந்தேகா தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான்:
நான்கு கால்கள்,
உள்ளே ஒயின் புட்டிகளுக்குத் தட்டு,
மூடியின்மேல் கண்ணாடி,
பக்கங்களில் பழைய துறைமுகச் சீட்டுகள்,
நியூயார்க் கட்டாயம்.
அச்சடித்து ஒட்டிவிடலாம் என்றேன்.
கூலிக்கு வேலை செய்கிறவள், வேறென்ன சொல்வேன்.

லியெபாயாவில் பிப்ரவரி.
பட்டறைக் கதவைக் காற்று
தோளால் இடித்துக்கொண்டிருந்தது.

முதலில் வாடையைத் துரத்த வேண்டும்.
சமையல் சோடா மூன்று நாள்,
ஒரு கிண்ணம் காப்பித்தூள் நான்கு நாள்.
அதற்குப் பிறகும் அடியில் எங்கோ
ஒரு பிராணியின் மூச்சு.
தகரத்தின் துருவை இரும்புப் பஞ்சால் தேய்த்தேன்.
மரப்பட்டிகளுக்கு ஆளிவிதை எண்ணெய்.
தோல் கைப்பிடி
தொட்டதும் பிஸ்கோத்தாக உதிர்ந்தது.

கப்பலேறிய பெட்டியை
மூலைகளே காட்டிக்கொடுக்கும்.
பித்தளை நசுங்கியிருக்கும்,
அடிப்பலகை முழுக்க இழுத்த கீறல்.
இதற்கு எட்டு மூலைகளும்
நேற்றுக் கடையிலிருந்து வந்தவை போல.
பூட்டில் கம்பி சுற்றித் தொங்கும் சாவி,
சாவியில் கடைக்காரன் கட்டிய அட்டை:
விலை ரூபிளில்,
மாதம் ஜூலை, வருடம் பதினான்கு.

யாரோ விலை பேசி வாங்கியிருக்கிறார்.
கப்பலுக்கு முன்பணமும் கட்டியிருக்கலாம்.
அடுத்த மாதம் என்ன நடந்தது என்பதைப்
பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று.

இடப்பக்கத்தைத் துடைத்தபோதுதான்
அந்த ஐந்து துளைகள்.
கட்டைவிரல் நுழையும் அகலம்,
அவசரத்தில் போட்டவை,
ஒன்று மட்டும் கோணல்.
உள்ளே பூப்போட்ட ஒட்டுக்காகிதத்தை
ஒரு சாண் உயரம்வரை எதுவோ கொறித்திருந்தது.
பலகை இடுக்கில் வைக்கோல்.

பக்கத்துக் கொட்டகையில் சைக்கிள் பழுதுபார்க்கும் இல்க்வார்ஸ்
துளையில் விரலை விட்டு
முகர்ந்து பார்த்தான்.
"முயல்" என்றான்.
"எங்கள் வீட்டில் பீரோவில் வளர்த்தார்கள்."
விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு
போய்விட்டான்.

அமெரிக்காவுக்கு என்று வாங்கியது,
எத்தனை பஞ்சத்துக்குக் குட்டிபோட்டுக் கொடுத்ததோ.

குந்தேகாவுக்குப் படம் அனுப்பினேன்.
துளையா, விலையைக் குறையுங்கள் என்றாள்.
ஐந்து யூரோ குறைத்தேன்,
துளைக்கு ஒன்று.
அடைக்க மரமுளைகள் சீவி வைத்தேன்,
பசையும் காய்ச்சினேன்.
பசை ஆடை கட்டிப் போனது.
நியூயார்க் சீட்டைக் கையில் எடுத்தேன்.
மேசையில் வைத்தேன்.
தேநீர் குடித்தேன்.

ஞாயிறன்று அவளே வந்தாள்,
எதிர்பார்த்ததைவிடக் குள்ளம், பச்சைத் தொப்பி.
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு குனிந்து
கோணல் துளைவழியே உள்ளே பார்த்தாள்.
"இதில் ஒயர் நுழையுமா?" என்றாள்.
வீட்டில் இசைத்தட்டுக் கருவி ஒன்று இருக்கிறதாம்,
வைக்க இடமில்லாமல் தரையில் கிடக்கிறதாம்.
நுழையும் என்றேன்.
ஒயின் தட்டைக் கழற்றினேன்.
சீட்டுகளை உறையிலிட்டு உள்ளே போட்டேன்,
ஒட்டுவதும் விடுவதும் அவள் பாடு.
அந்த ஐந்து யூரோவை
அவளும் திருப்பித் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.

சாவி முதல் திருப்பில் முரண்டியது,
இரண்டாவதில் திரும்பியது.

கார் டிக்கியில் பெட்டி அடங்கவில்லை.
பின்னிருக்கையில் ஏற்றி
இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினோம்.
மூலை இடித்துவிடாமல்
என் பழைய கம்பளியைச் சுற்றினேன்.
வண்டி கிளம்பியது,
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
ரீகா சாலையில்,
இருநூறு கிலோமீட்டர்.