வெற்றுப் புட்டி

உப்பனாற்று முகத்துவாரம்.
செவ்வாய், காலை ஐந்து இருபது.
ஏற்றம் முடிந்த தண்ணீர்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்சம் நிற்கும்.
அப்போதே மொண்டுவிட வேண்டும்.

அஞ்சாபுலி இன்ஜினை அணைத்தார்.
டீசல் வாசனை படகைவிட்டுப் போக மனமில்லாமல் நின்றது.
அணியத்துப் பக்கம் போய்க் குனிந்து
பழுப்புப் புட்டியை மூன்று முறை அலசி
நான்காம் முறை நிரப்பினேன்.

"என்னம்மா இருக்கு இதுல?
தெளிவாத்தான கெடக்கு."

கரைந்தது என்பதற்கு
எங்கள் ஆய்வகத்தில் ஒரே விளக்கம்தான்:
வடிதாளில் சிக்காதது.
மணலும் பாசியும் வலையின் நைலான் பிசிறும்
வெள்ளைத் தாளில் வட்டமாய்த் தங்கிவிடும்.
தப்பித்துக் கீழே சொட்டுவதை
இரண்டு வருட ஒப்பந்தத்தில் நான் படிக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சினால்
தண்ணீர் வேறோர் ஒளியில் பதில் சொல்லும்.
கெடிலம் இழுத்துவந்த இலைச்சாறு
நிதானமாய், படுத்த மாடு போல ஒரு மேடு.
ஓ.டி. சாக்கடை குட்டையாய் நிமிரும்,
மனித உடம்பு வழியாக வந்தது அது.
துணி வெளுக்கும் தூளுக்குத்தான் வெட்கமே கிடையாது,
நீலமாய்ப் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும்.
சிப்காட் ஓரத்துப் புட்டிகளில் இன்னொன்று.
அட்டவணையில் அதற்கு நேராகக்
கேள்விக்குறி போட்டு மூன்று மாதமாகிறது.

இதில் பாதியைத்தான் அவரிடம் சொன்னேன்.
"சோனாங்குப்பத்துல எங்க ஊட்டுத் தண்ணியும் வருமா?
தையநாயகி பொட்டி கழுவுறா,
ஐசும் ரத்தமுமா ஓடுது."
வரும் என்றேன்.
"அப்ப கம்பெனித் தண்ணியும் எங்க தண்ணியும்
ஒண்ணாத்தான் கெடக்கு."
சிரித்தார்.
நான் மூடியில் ஏழு என்று எழுதினேன்.

எல்லாப் பயணத்துக்கும்
ஒரு வெற்றுப் புட்டி கூட வரும்.
உள்ளே ஆய்வகத்தின் தூய நீர்.
படகில் திறந்து கடல்காற்றைக் காட்டி
அப்படியே மூடித் திரும்பக் கொண்டுபோக வேண்டும்.
அதில் ஒன்றும் இருக்கக் கூடாது.
அதற்கு அதுதான் வேலை.

அன்று மாலை, இயந்திர அறைக் குளிரில்
வெற்றுப் புட்டி பதில் சொன்னது.

குட்டையாய் ஒரு நிமிர்வு.
பக்கத்தில் அந்த நீலம்.

லேபிள் மாறிவிட்டதென்று இரண்டாம் முறை ஓட்டினேன்.
மூன்றாம் முறை ஓட்டும்போது
கையைப் பார்த்தேன்.
கையுறை கட்டைவிரலில் கிழிந்திருந்தது எப்போது?
குனிந்தபோது நெற்றியில் இருந்து வழிந்தது
கடல்நீர் என்று நினைத்தேன்.
துப்பட்டா முந்தின இரவு துவைத்தது,
ஹாஸ்டல் வாளியில், ஒரு பொட்டலம் முழுதும் கொட்டி.
அந்த வாளித் தண்ணீர் எங்கே போயிற்றென்று
நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

புஷ்பவல்லி மேடம் கோடுகளை ஒருமுறை பார்த்தார்.
"இந்த நாளையே தள்ளிடு."
பதினொரு புட்டிகள்.
தள்ளுவதென்றால் தொட்டியில் ஊற்றுவது.
மஞ்சக்குப்பத்துத் தொட்டிக் குழாய்
கெடிலத்துக்குப் போகிறது,
கெடிலம் எங்கே போகுமென்று
ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
ஏழாவதை ஊற்றும்போது மட்டும்
குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.

இரவு போன் போட்டேன்.
"அண்ணே, மறுபடி போகணும்."
"ஏன், தண்ணி கெட்டுப்போச்சா?"
"இல்ல. நான் கலந்துட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ மீன்விலையில் சண்டை போட்டார்கள்,
அது முடியும்வரை அவர் பேசவில்லை.

"திங்கக்கெழம வா.
ஏத்தம் பத்து மணிக்கு மேலதான் நிக்கும்,
வெயில்ல வேர்த்துக் கொட்டும்.
பரவால்லியா?
போன தடவ டீசல் காசு
இன்னும் வரல."